சோழனுக்கு மூன்றில் ஒரு பங்கு

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்க்கிழமை. என் தொழிலில் மாதாமாதம் 11ஆம் தேதி மூச்சுவிட முடியாத நாள். கடைக்காரர்களின் விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசித் தேதி. அன்று காலையிலிருந்து அரிசி மண்டிக்காரர், இரும்புக் கடைக்காரர், ரெண்டு ஜவுளிக் கடை என்று பில் கட்டுகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி ரிட்டர்னை ஏற்றிவிட்டு அலுவலகத்தைப் பூட்டும்போது மணி ஒன்பதரை. வழக்கமாக அந்த நேரத்தில் உடம்பு கட்டிலைத்தான் தேடும். அன்று நான் தேடியது என் கம்ப்யூட்டரை. ஏனென்றால் அன்றுதான் சிவிலைசேஷன் 7 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியானது.

சிவ் என்று நாங்கள் கூப்பிடும் இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சிட் மையர் 1991இல் தொடங்கிவைத்த தொடர். கி.மு. 4000இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தையும் காவலுக்கு ஒரு வீரனையும் உங்கள் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு டர்னாக நகர்த்தி, ஊர் அமைத்து, எழுத்து கண்டுபிடித்து, சண்டை போட்டு, கடைசியில் ராக்கெட் விடும்வரை கொண்டுபோக வேண்டும். சதுரங்கம் போல அவசரமில்லாத ஆட்டம். ஆனால் "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சொல்லிச் சொல்லியே விடிந்துவிடும்.

எனக்கு இது 2006இல், திருச்சியில் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் பழக்கமானது. எங்கள் விங்கில் ஒரே ஒரு டெஸ்க்டாப். அதில் சிவ் 4. முகப்புத் திரையில் ஸ்வாஹிலி மொழியில் ஒரு சேர்ந்திசை ஓடும். பின்னாளில் கிராமி வாங்கிய பாட்டு அது. அது கேட்டாலே வராந்தாவில் இருக்கிறவன் எல்லாம் உள்ளே வந்துவிடுவான். நானும் என் அறைத்தோழனும் ஒரே நாட்டை இரண்டு பேராக ஆண்டோம். படை அவனுக்கு, ஊர் நிர்வாகம் எனக்கு. அவன் இப்போது சவுதி அரேபியாவில், தம்மாமில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், இத்தனை வருடம் கழித்தும் வெள்ளி இரவு எங்களுக்கு சிவ் இரவுதான். நடுவில் அவனுக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், அவன் அப்பா இறந்தது, எனக்கு மகள் பிறந்தது என்று எல்லாமே அந்த வெள்ளிக்கிழமைகளில் பேசியவைதான்.

சிவ் 7 மேல் எனக்கு இருந்த ஆசைக்குத் தனிக் காரணம் உண்டு. நான் தஞ்சாவூர்க்காரன். இத்தனை வருடமாக இந்தத் தொடரில் இந்தியா என்றால் காந்தி, தலைநகர் டெல்லி. சிவ் 4இல் அசோகரும் இருந்தார். சிவ் 6இல் பின்னால் சந்திரகுப்தர் வந்தார். தெற்கே யாருமே இல்லை. 2022இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற வேறொரு விளையாட்டில் 'திராவிடர்கள்' வந்து, உருமி வீசும் வீரனும் திரிசடை என்ற போர்க்கப்பலும் கொடுத்தபோதே நாங்கள் ரெண்டு பேரும் போனில் கத்தினோம். இப்போது சிவ் 7இல் பெயர் சொல்லியே சோழர்கள். அவர்களுக்கென்று தனிக் கப்பல், அதன் பெயர் 'கலம்'. தனி வணிகக் கட்டடங்கள், அவற்றின் பெயர் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் அது ஐந்நூற்றுவர் பேட்டை. கூடவே உலக அதிசயங்களின் வரிசையில் எங்கள் பெரிய கோவில். கல்வெட்டு படிக்கிறவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் வணிகக் குழுப் பெயர்களை அமெரிக்காவில் யாரோ தேடி எடுத்து ஒரு விளையாட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த உழைப்புக்கு நான் இப்போதும் கைகூப்புகிறேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அந்த இரவு சோழனாக ஆட்டத்தைத் தொடங்க முடியவில்லை.

சிவ் 7 மொத்த வரலாற்றையும் மூன்று யுகங்களாக வெட்டியிருக்கிறது. பழங்காலம், கடல்தேடல் காலம், நவீன காலம். ஒவ்வொரு யுகத்துக்கும் தனித்தனி நாடுகள். ஒரு யுகம் முடிந்தால் உங்கள் நாட்டை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. தலைவர் மட்டும் கடைசிவரை ஒருவரே. சோழர்கள் நடு யுகத்துக்கு உரியவர்கள். எனவே முதலில் வேறு யாராகவாவது தொடங்க வேண்டும். இந்தியப் பாதை என்று ஆட்டம் காட்டுவது மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர். ராஜராஜனோ ராஜேந்திரனோ தலைவர் பட்டியலில் இல்லை. அசோகர் இருந்தார். பெஞ்சமின் பிராங்கிளின்கூட இருந்தார்.

நான் அசோகரை எடுத்து மௌரியராகத் தொடங்கினேன். கை தொடங்கியது, மனம் ஒட்டவில்லை. கிர்நாரிலும் மற்ற இடங்களிலும் பாறையில் வெட்டிவைத்த தன் இரண்டாம் சாசனத்தில் அசோகரே என்ன சொல்கிறார்? தன் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்கள் என்றுதான் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைச் சொல்கிறார். மௌரியர் இருந்த காலத்திலேயே பக்கத்தில் தனியாக இருந்தவர்கள் சோழர்கள். கரிகாலனும் காவிரிப்பூம்பட்டினமும் பழங்காலத்துச் சமாச்சாரம். அண்டை வீட்டுக்காரனை மகனாக்கி வாரிசு எழுதிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

சரி, விளையாட்டுதானே என்று தொடர்ந்தேன். உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. நிலம் பார்க்க அத்தனை அழகு. ஆறுகளில் இப்போது கப்பல் போகிறது. ஆற்று வழியே உள்நாட்டுக்குப் படகேறிப் போகும்போது காவிரிக்காரனுக்கு வரும் சந்தோஷம் தனி. பழைய ஆட்டங்களில் வேலையாட்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். அந்தத் தொல்லை ஒழிந்தது. படையை ஒரு தளபதியின் கீழ் மூட்டையாகக் கட்டி நகர்த்தலாம். இதெல்லாம் யோசித்துச் செய்த நல்ல மாற்றங்கள்.

பக்கத்தில் கம்ப்யூட்டர் நடத்தும் எதிரி செர்க்ஸஸ் பாரசீகராக வந்து என் எல்லையில் ஊர் வைத்தான். சண்டை மூண்டது. ஏறத்தாழ இருபது டர்ன் முற்றுகை. மதிலில் இன்னும் ஒரு அடி, அவ்வளவுதான் பாக்கி. மணி இரவு ஒன்றரை. டர்னை முடித்தேன். யுக முன்னேற்றக் கணக்கு நூறு சதவீதம் ஆகிவிட்டது. திரை இருண்டது.

திரும்ப வெளிச்சம் வந்தபோது போர் இல்லை. செர்க்ஸஸ் என் எதிரியும் இல்லை. முற்றுகையில் நின்ற படை கலைந்து வேறெங்கோ நின்றது. நான் நகரமாக வளர்த்தவற்றில் தலைநகர் மட்டும் நகரமாக இருந்தது, மற்றவை திரும்பவும் சிற்றூர்களாகிவிட்டன. பாதி ஆட்டமாக நட்புப் பாராட்டிய சின்னச் சின்ன ஊர்கள் வரைபடத்திலேயே இல்லை. வணிகப் பாதைகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். நான் இப்போது சோழன். என் தலைநகரின் பெயர் பாடலிபுத்திரம். அதைத் தஞ்சாவூர் என்று மாற்றலாம் என்று பார்த்தால் ஊருக்குப் பெயர் மாற்றும் வசதி அன்றைக்கு ஆட்டத்தில் இல்லை. பின்னால் வந்த திருத்தத்தில்தான் அது வந்தது.

தம்மாமுக்குச் செய்தி போட்டேன். அவனும் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"மாப்ள, என் சண்டைய நிறுத்திட்டான்டா."

"எனக்கும்தான். நான் ரோமாபுரிடா. இப்ப என்னவோ நார்மன்ங்கிறான். எனக்கு யாருன்னே தெரியல."

அந்த வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் உலகம் முழுக்க இதே புலம்பல். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் விமர்சனங்கள் கலவை என்ற நிலையிலேயே நின்றன. தொடர்ந்து வந்த மாதங்களில் சிவ் 7ஐ விட 2016இல் வந்த சிவ் 6ஐயும், 2010இல் வந்த சிவ் 5ஐயும்தான் அங்கே அதிகம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

குறைகள் பல இருந்தன. எல்லோரும் முதலில் சொன்னது திரை அமைப்பு. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஆயிரம் வரி பார்க்கிற எனக்கே ஒரு ஊரின் வரவு செலவு புரியவில்லை. பெரிய வரைபடங்கள் இல்லை. நிலம் தேடிப் போகும் சாரணனைத் தானாகச் சுற்றவிடும் வசதி அப்போது இல்லை. ஆட்டம் முடிந்த பிறகும் தொடரும் அந்தப் புகழ்பெற்ற 'இன்னும் ஒரு டர்ன்' பொத்தான் இல்லை. நவீன காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. கணினியும் இணையமும் ஆட்டத்துக்குள் வரவே இல்லை. வெளியானபோது அடிப்படைப் பதிப்பே 70 டாலர், மேல் பதிப்பு 130 டாலர். கிரேட் பிரிட்டனை முதல் பெட்டியில் வைக்காமல், அடுத்த மாதம் தனியாகக் காசுக்கு விற்ற தொகுப்பில் வைத்தார்கள். இதற்காகப் பலர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. திருத்தவும் செய்தார்கள். பெயர் மாற்றம் வந்தது, பொத்தான் வந்தது, பெரிய வரைபடம் வந்தது, திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார்கள். சிவ் 5 வந்தபோதும் பழைய ரசிகர்கள் அழுதார்கள். 2012இலும் 2013இலும் வந்த இரண்டு விரிவாக்கங்கள் அதைத் தூக்கி நிறுத்தின. இன்று அதைத்தான் பொற்காலம் என்கிறார்கள். அதனால் குறைப்பட்டியல் எனக்குப் பெரிதில்லை. என்னை வருத்தியது அந்த இருண்ட திரை.

இந்தத் தொடருக்கு ஒரு கணக்கு உண்டு என்பார்கள். ஒவ்வொரு புதிய பாகத்திலும் மூன்றில் ஒரு பங்கு பழையபடி இருக்க வேண்டும், ஒரு பங்கு மேம்பட வேண்டும், ஒரு பங்கு புதிதாக இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் எனக்குச் சம்மதம். கட்டத்தை அறுகோணமாக்கினார்கள், பழகிக்கொண்டேன். ஒரு கட்டத்தில் ஒரு படைதான் என்றார்கள், அதுவும் பழகிவிட்டது. ஆனால் தொடாமல் விட வேண்டிய பங்கில் ஒன்று இருந்தது. முதல் டர்னில் நான் ஊன்றிய ஊர், கடைசி டர்ன்வரை அதே பெயரோடு, அதே ஆட்களோடு, அதே பகையோடு நிற்பது.

சிவ் 5இல் எங்களுக்கு ஒரு ஊர் இருந்தது. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரே ஒரு கட்ட அகலமுள்ள கணவாய். மங்கோலியர் அலை அலையாக வந்தார்கள். ஒரே ஒரு வில்படையை வைத்து எண்பது டர்ன் தாங்கினோம். அந்தப் படை வில்லிலிருந்து துப்பாக்கிக்கும், துப்பாக்கியிலிருந்து இயந்திரத் துப்பாக்கிக்கும் மாறியது. ஆனால் எங்களுக்கு அது அதே படைதான். ஆயிரத்து எண்ணூறுகளில் அதே கணவாய் வழியாக ரயில் போட்டபோது, "இங்கதான்டா நம்ம பையன் நின்னான்" என்றான் அவன். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்கும் ஆட்டத்துக்காகத்தான் நான் இருபது வருடம் கண்விழித்தேன். சிவ் 7இல் அடுத்த யுகத்தில் அந்தப் பையன் அந்தக் கணவாயில் நின்றிருக்க மாட்டான். மங்கோலியரும் எல்லாவற்றையும் மறந்திருப்பார்கள்.

இத்தனைக்கும், தயாரித்தவர்கள் சொன்ன காரணத்தை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். வரலாறு அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது என்றார்கள். ஒரே நகரத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராக வந்து வாழ்கிறார்கள், அதைக் காட்டப்போகிறோம் என்றார்கள். தஞ்சாவூரில் இருப்பவனுக்கு இதை யாரும் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். ராஜராஜன் 1010இல் முடித்த கோவில் அது. கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றுக்குக் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரே சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நூறு வருட இடைவெளியில் இரண்டு கைகள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. திருச்சுற்று மதிலில் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு ஓடுகிறது. சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், மராத்தியர், வெள்ளைக்காரர் என்று எல்லோரும் வந்த ஊர் இது.

ஆனால் எந்த ஒரு நாளிலும் தஞ்சாவூரில் திரை இருளவில்லை. நாயக்கர் வந்த மறுநாள் சோழன் வெட்டிய ஏரிகள் மறைந்துபோகவில்லை. கல்லணையில் நீர் பிரிவது நிற்கவில்லை. மேலடுக்கு வந்தபோது கீழடுக்கு அப்படியே அடியில் இருந்தது, அதனால்தான் அது அடுக்கு. சிவ் 7இல் நான் பார்த்தது சுவரை இடித்துவிட்டு வேறு சுவர் கட்டுவது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று சின்ன ஆட்டங்கள். நாடு மாறும் இதே யோசனையை 2021இல் ஹியூமன்கைண்ட் என்ற ஆட்டம் செய்து பார்த்தது. யார் எந்த நாடு என்று எதிரியின் முகமே மனதில் நிற்கவில்லை என்று அதை ஆடியவர்கள் அப்போதே சொன்னார்கள்.

நடு யுகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோழனாக வந்த பிறகாவது சோழனாக ஆட முடிந்ததா? பொருளாதார வழியில் மதிப்பெண் வேண்டுமென்றால் தூர தேசத்தில் ஊர் வைத்து, அங்கிருந்து செல்வக் கப்பல்களைத் தாயகத்துக்கு ஓட்டிவர வேண்டும். இது ஸ்பெயின் நடந்த வழி. ராஜேந்திரன் 1025இல் கடாரம்வரை கடற்படை அனுப்பினான், உண்மை. ஆனால் ஐந்நூற்றுவர் வேறு வகை. சுமத்ராவில் பாருஸ் பக்கத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அங்கே போன வணிகர்கள் அந்த மண்ணிலேயே தங்கி, தங்கள் மொழியில் கல் நட்டார்கள். கப்பல் நிறைய அள்ளிக்கொண்டு ஓடிவருவது அவர்கள் தொழில் அல்ல. ஐந்நூற்றுவர் என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள், அவர்கள் வாழ்ந்த விதத்துக்கும் ஆட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கலாம். நான் ஸ்பெயின் ராணி இஸபெல்லா செய்ததையேதான் செய்தேன், கப்பலின் வடிவம் மட்டும் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய கோவிலைக் கட்டி முடித்தேன். மகளுக்குப் பதினோரு வயது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல் கல்லாக விமானம் எழும்புவதைக் காட்டும் அந்தக் காட்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா, நம்ம கோவில்! அம்மாவக் கூப்பிடவா?" என்று அடுப்படிக்கு ஓடினாள். என் மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள். மூன்று பேரும் மூன்று முறை பார்த்தோம். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"அடுத்து என்னப்பா?" என்றாள். இன்னும் கொஞ்ச டர்னில் யுகம் முடியும், நாம் முகலாயர் ஆகிவிடுவோம் என்றேன்.

"ஏன்? நாம தோத்துட்டமா?"

இல்லை, ஜெயித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. முகலாயர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அடுத்த ஆட்டத்தில் முழுசாக அவர்களாகவே ஆடத் தயார். ஆனால் என் ஊர் இத்தனை பேரைப் பார்த்தும் முகலாயர் தலைநகராக ஒருநாளும் இருந்ததில்லை. அதைவிட, அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தோற்காத ஒருவனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் வேறொருவனை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

2025 கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஒரே நாட்டை மூன்று யுகங்களுக்கும் கொண்டுபோகும் வழியைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். தம்மாம்காரன்தான் முதலில் அனுப்பினான். கேட்டார்கள், காது கொடுத்தார்கள், அதற்கு நன்றி. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இப்போதைக்கு சிவ் 5க்குத் திரும்பிவிட்டோம். அவன் படை, நான் நிர்வாகம்.

சிவ் 7ஐ நான் அழிக்கவில்லை. அன்றைய ஆட்டம் சேமித்த இடத்திலேயே இருக்கிறது. கடல்தேடல் காலம், 98 சதவீதம். ஆற்றங்கரையில் பெரிய கோவில், துறையில் ஏழு கலங்கள், ஐந்நூற்றுவர் பேட்டை மூன்று ஊர்களில். பெயர் மாற்றும் வசதி வந்த அன்றைக்குத் தலைநகருக்குத் தஞ்சாவூர் என்று மகள்தான் தட்டினாள். அடுத்த டர்னை இன்னும் அழுத்தவில்லை.